சான்றிதழுக்கும் தீர்ப்புக்கும் இடையில்: சாதி மறுப்புத் திருமணங்களுக்கான குடும்ப ஆதரவு – விருத்தாசலத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஒடுக்கப்பட்ட சமூகத்தாரின் திருமண வாழ்வும் குடும்ப வாழ்வும் நலமுற அமைவதற்கு எத்தகைய ஆதரவு தேவை என்னும் வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது. கடலூர் மாவட்டம் விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையில் 2003ஆம் ஆண்டு நிகழ்ந்த கண்ணகி – முருகேசன் இணையரின் கொலை இதற்குரிய முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. திருமணப் பதிவுக்கும் கொலைக்கும் இடைப்பட்ட 64 நாள்களில் அவ்விணையருக்கு எவ்வகை ஆதரவு கிட்டியது, எது கிட்டவில்லை என்பது ஆராயப்படுகிறது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் குடும்பம் குறித்து அந்நாட்டில் நிகழ்ந்த விவாதங்கள் ஒப்பீட்டுக்குப் பயன்படுத்தப்படுகின்றன. திருமணம் பதிவான நாள் முதல் இல்லறம் நிலைகொள்ளும் நாள் வரையிலான இடைக்காலமே ஆதரவு மிகுதியாகத் தேவைப்படும் காலம் என்பதும், நடப்பிலுள்ள ஏற்பாடுகளுள் பெரும்பாலானவை அக்காலத்திற்கு முன்னரோ பின்னரோதான் வந்து சேர்கின்றன என்பதும் இக்கட்டுரை முன்வைக்கும் கருத்துகளாகும்.

திறவுச்சொற்கள்: சாதி மறுப்புத் திருமணம், அகமணம், உடன்போக்கு, ஆணவக் கொலை, குடும்ப ஆதரவு, விருத்தாசலம், கறுப்பினக் குடும்பம்.

முன்னுரை

தமிழ் அகமரபு உடன்போக்கை ஒரு தனித்துறையாகப் போற்றியுள்ளது. தலைவனும் தலைவியும் பெற்றோர் அறியாமல் ஊரைவிட்டுச் செல்வதும், செவிலி பாலை வழியில் அவர்களைத் தேடிச் செல்வதும், இடைச்சுரத்துக் கண்டோர் அவளுக்கு ஆறுதல் கூறித் திருப்பி அனுப்புவதும் அத்துறையின் கூறுகளாகும். கொடுப்பதற்குரிய பெற்றோர் உடனில்லாத நிலையிலும் உடன்போக்கில் கரணம் உண்டு என்பதைத் தொல்காப்பியக் கற்பியல் ஏற்கிறது. பெற்றோர் இசைவின்றி அமைந்த மணமும் மணமே என்னும் ஏற்பு இலக்கண அளவில் இருந்தமையை இதனால் அறியலாம்.

இங்குக் கவனிக்கத்தக்கவர்கள் ‘கண்டோர்’ ஆவர். அவர்கள் தலைவியின் உறவினருமல்லர், தலைவனின் உறவினருமல்லர். வழியில் அவ்விருவரையும் கண்டவர்கள், அவ்வளவே. ஆயினும் அவர்தம் சொல்தான் தேடி வந்தவளின் சினத்தையும் துயரத்தையும் தணிக்கிறது. மூன்றாம் தரப்பினர் ஒருவர் இருப்பதாலேயே அம்மணம் வாழ்வாக மலர வழி பிறக்கிறது.

இன்றைய சாதி மறுப்புத் திருமணங்களில் இந்த மூன்றாம் தரப்பின் இடம் யாரிடம் உள்ளது? பதிவு அலுவலகம், காவல் நிலையம், சமூகநலத் துறை, நீதிமன்றம், அண்டை வீட்டார், தொழிலிடம் ஆகிய அனைத்தும் இன்றைய ‘கண்டோர்’ எனலாம். இவர்கள் எப்போது வருகிறார்கள், எதைத் தருகிறார்கள் என்பதைப் பொறுத்தே ஒரு குடும்பத்தின் நலம் அமைகிறது. இக்கருத்தை விருத்தாசலம் வழக்கின் துணைகொண்டு விளக்க இக்கட்டுரை முற்படுகிறது.

1. களமும் நிகழ்வும்

திருமுதுகுன்றம் எனப் பழம்பெயர் கொண்ட விருத்தாசலம் மணிமுத்தாற்றின் கரையில் அமைந்தது. விருத்தகிரீசுவரர் கோயிலால் பெயர்பெற்ற இவ்வூர் கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் பீங்கான் தொழில் நகரமாகவும் வளர்ந்தது. பீங்கான் தொழிற்பேட்டையும் செராமிக் தொழில்நுட்பப் பயிலகமும் இங்கு உள்ளன. பொம்மைகள், அகல் விளக்குகள், கோப்பைகள், மின்காப்புப் பொருள்கள் முதலியன இங்கு உருவாகின்றன. வேளாண்மைச் சிற்றூர்களும் தொழில் நகரமும் அடுத்தடுத்து அமைந்த நிலப்பகுதி இது. நிலவுடைமையைச் சார்ந்த சாதி ஒழுங்கும், கல்வியையும் கூலியையும் சார்ந்த புதிய வாழ்வும் இங்குச் சில கிலோமீட்டர் இடைவெளியில் எதிரெதிரே நிற்கின்றன.

புதுக்கூரைப்பேட்டையைச் சேர்ந்த முருகேசன் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். வேதிப் பொறியியல் பட்டதாரி. கண்ணகி அவ்வூரின் ஆதிக்கச் சாதியைச் சேர்ந்தவர், வணிகவியல் பட்டதாரி. இருவரும் 2003 மே 5 அன்று கடலூரில் தங்கள் திருமணத்தைப் பதிவு செய்தனர். பதிவுக்குப் பின்னும் செய்தியை மறைத்துத் தத்தம் இல்லங்களிலேயே சில காலம் வாழ்ந்தனர். பின்னர் முருகேசன் கண்ணகியை மூங்கில்துறைப்பட்டிலுள்ள தம் உறவினர் இல்லத்தில் தங்கவைத்தார். கண்ணகியின் குடும்பத்தார் முருகேசனின் உறவினரை அச்சுறுத்தியும் துன்புறுத்தியும் அவ்விடத்தை அறிந்தனர். 2003 சூலை 8 அன்று இருவரும் ஊருக்குக் கொண்டுவரப்பட்டு, நஞ்சூட்டிக் கொல்லப்பட்டு, எரிக்கப்பட்டனர். பதிவு நாளிலிருந்து 64ஆம் நாள் அது.

அதன்பின் நிகழ்ந்தவையும் இவ்வாய்வுக்கு இன்றியமையாதவை. முதல் தகவல் அறிக்கை உடனடியாகப் பதிவாகவில்லை. சில நாள்கள் கழித்துப் பதிவானபோது பட்டியல் சாதியினர் சிலரும் குற்றஞ்சாட்டப்பட்டவர்களாகச் சேர்க்கப்பட்டிருந்தனர். 2004இல் சென்னை உயர்நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றியது. 2021 செப்டம்பர் 24 அன்று கடலூர் நீதிமன்றம் 13 பேரைத் தண்டித்தது. கண்ணகியின் உடன்பிறந்தவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. தண்டிக்கப்பட்டோருள் காவல்துறை அலுவலர் இருவரும் அடங்குவர். 2022இல் உயர்நீதிமன்றம் தூக்குத் தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2025 ஏப்ரல் 28 அன்று உச்சநீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்ததோடு, முருகேசனின் பெற்றோருக்கு 5 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் ஆணையிட்டது.

ஆக, அரசு அவ்விணையருக்கு முதல் நாளில் ஒரு சான்றிதழை வழங்கியது. பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின்னர் ஒரு தீர்ப்பை வழங்கியது. இவ்விரண்டுக்கும் இடையில், அவர்கள் உயிரோடிருந்த 64 நாள்களில், எந்த நிறுவனமும் அவர்கள் அருகில் இல்லை.

2. அகமணமும் குடும்பமும்

சாதியின் அடிப்படைக் கூறு அகமணமே என்பதை அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த ‘இந்தியாவில் சாதிகள்’ என்னும் கட்டுரையில் நிறுவினார். சாதிக் கலப்பு மணமே சாதியைக் கரைக்கும் வழி என்பதை 1936இல் வெளிவந்த ‘சாதி ஒழிப்பு’ நூலில் வலியுறுத்தினார். தமிழகத்தில் சுயமரியாதை இயக்கம் 1920களின் இறுதியிலிருந்து புரோகிதரும் சடங்கும் அற்ற திருமணங்களை நடத்தியது. அதன் தொடர்ச்சியாக 1967இல் அண்ணா தலைமையிலான அரசு இந்துத் திருமணச் சட்டத்தைத் திருத்திச் சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு அளித்தது.

இத்தகைய நெடிய கருத்துமரபு இருந்தும் நடைமுறையில் அகமணம் தளரவில்லை. இந்திய மனித மேம்பாட்டு அளவாய்வின் 2011–12ஆம் ஆண்டுத் தரவுகள், சாதி கடந்த திருமணங்கள் நாட்டளவில் சுமார் 5 விழுக்காடே எனக் காட்டுகின்றன. தருமபுரி இளவரசன் – திவ்யா திருமணத்தையொட்டி 2012இல் நிகழ்ந்த ஊரெரிப்பும், 2016இல் உடுமலைப்பேட்டையில் சங்கர் பட்டப்பகலில் கொல்லப்பட்டமையும், 2025இல் திருநெல்வேலியில் கவின் செல்வகணேஷ் கொல்லப்பட்டமையும் விருத்தாசலம் நிகழ்வு தனித்த ஒன்றன்று என்பதை உணர்த்துகின்றன.

இவ்வன்முறையைத் திருமணத்திற்கு எதிரான குற்றமாக மட்டும் காண்பது போதாது. அது ஒடுக்கப்பட்ட சமூகத்தின் குடும்ப வாழ்வு முழுவதற்கும் எதிரானது. ஓர் இளைஞன் சாதி கடந்து மணம் செய்தால் அவனுடைய பெற்றோர், உடன்பிறந்தோர், சிற்றப்பன், அவர்தம் வீடு, அவர்தம் தெரு ஆகிய அனைத்தும் இலக்காகின்றன. எனவே ஒடுக்கப்பட்ட சமூகத்தார் தம் பிள்ளைகளின் விருப்ப மணத்தை அஞ்சுவதும், சில வேளைகளில் தாமே தடுப்பதும் நிகழ்கின்றன. அது சாதிப் பற்றினால் எழுந்த தடையன்று. உயிரச்சத்தினால் எழுந்த தடை. இவ்வேறுபாட்டை ஆய்வாளர்கள் பிரித்தறிதல் வேண்டும்.

3. கறுப்பினக் குடும்பம்: ஓர் ஒப்பீடு

சாதியையும் இனவொதுக்கலையும் ஒப்பிடும் மரபு புதிதன்று. 1946இல் அம்பேத்கரும் டு பாய்சும் கடிதத் தொடர்பு கொண்டனர். 1972இல் பம்பாயில் தோன்றிய தலித் சிறுத்தைகள் இயக்கம் அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளின் பெயரை ஏற்றது. குடும்பம் என்னும் தளத்தில் இவ்வொப்பீடு குறைவாகவே நிகழ்ந்துள்ளது. அங்கு நடந்த விவாதம் நமக்கு மூன்று செய்திகளைத் தருகிறது.

முதலாவது, சட்ட ஏற்பு. அடிமைமுறைக் காலத்தில் கறுப்பின மக்களின் மணத்திற்குச் சட்டத்தில் இடமில்லை. கணவனும் மனைவியும் தனித்தனியே விற்கப்படலாம். 1865இல் விடுதலை பெற்றோர் நலனுக்கென அமைந்த அலுவலகம் அவர்களின் திருமணங்களைப் பதிவு செய்தபோது அவர்கள் பெருமளவில் முன்வந்தனர். ஆயினும் இனம் கடந்த திருமணத்திற்கான தடை பல மாநிலங்களில் நீடித்தது. வர்ஜீனியாவில் லவிங் இணையர் 1958இல் கைது செய்யப்பட்டனர்; 25 ஆண்டுகள் இணைந்து அம்மாநிலத்திற்குள் வரலாகாது என்னும் நிபந்தனையின் பேரில் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு ஊரைவிட்டு நீங்கினர். 1967 சூன் மாதம் அமெரிக்க உச்சநீதிமன்றம் அத்தடைச் சட்டங்களைச் செல்லாதவை என அறிவித்தது. தமிழகத்தில் சுயமரியாதைத் திருமணச் சட்டத் திருத்தம் நிறைவேறியதும் அதே 1967ஆம் ஆண்டில்தான். அமெரிக்காவில் கலப்பு மணத்தைத் தடுத்தது சட்டம்; இந்தியாவில் சட்டம் அதனை ஏற்றுக்கொண்டிருக்க, ஊர் தடுக்கிறது. ஆகவே இங்குச் சட்ட ஏற்பு என்பது தொடக்கமேயன்றி முடிவாகாது.

இரண்டாவது, பழிசுமத்தல். 1965இல் வெளியான மொய்னிகன் அறிக்கை, கறுப்பின மக்களின் பின்னடைவுக்கு அவர்தம் குடும்ப அமைப்பின் சிதைவை முதன்மைக் காரணமாகச் சுட்டியது. குறை பாதிக்கப்பட்டவர் மீது ஏற்றப்படுகிறது என வில்லியம் ரையன் இதனை மறுத்தார். அடிமைமுறையின் கீழும் கறுப்பினக் குடும்பங்கள் நீடித்து நின்றமையை எர்பர்ட் கட்மன் 1976இல் வெளியிட்ட வரலாற்று நூலில் ஆவணங்களால் காட்டினார். தமிழ்ச் சூழலில் 2012க்குப் பின்னர்ப் பொதுவெளியில் பரவிய ‘நாடகக் காதல்’ என்னும் சொல்லாட்சியும் இத்தகையதே. ஒடுக்கப்பட்ட இளைஞரின் அன்பை ஏமாற்றாகவும், மணந்த பெண்ணை அறிவற்றவளாகவும் அது உருவகிக்கிறது. பிரச்சினை வன்முறையாளரிடமிருந்து இணையரிடம் இடம்பெயர்க்கப்படுகிறது.

மூன்றாவது, கொள்கை அனுபவம். அமெரிக்க அரசு 2006 முதல் நலமான திருமணங்களையும் பொறுப்புள்ள தந்தைமையையும் ஊக்குவிக்க ஆண்டுக்கு 15 கோடி டாலர் ஒதுக்கியது. உறவுத்திறன் பயிற்சி அத்திட்டங்களின் மையமாக இருந்தது. திருமணமாகாத வறிய பெற்றோர்க்கெனச் செயற்படுத்தப்பட்ட ‘வலுவான குடும்பங்களைக் கட்டமைத்தல்’ என்னும் திட்டம் எட்டு இடங்களில் 5,000க்கு மேற்பட்ட இணையரிடம் ஆராயப்பட்டது. மூன்றாண்டுகளுக்குப் பின் நோக்கியபோது, பயிற்சி பெற்றோரும் பெறாதோரும் உறவின் நிலைப்பிலோ தரத்திலோ ஒட்டுமொத்தத்தில் வேறுபடவில்லை. வேலையின்மையே கறுப்பினத் திருமணங்களைத் தளர்த்துகிறது என வில்லியம் சூலியஸ் வில்சன் 1987இலேயே வாதிட்டிருந்தார். உரையாடக் கற்பிப்பது மட்டும் குடும்பத்தைத் தாங்காது. வேலையும் வீடும் பாதுகாப்பும் இல்லாத இடத்தில் உரையாடலுக்கு நிலைக்களன் இல்லை என்பதே இவ்வனுபவத்திலிருந்து நாம் பெறும் பாடம்.

4. உறவு என்னும் ஒரே அரண்

கண்ணகி – முருகேசன் இணையருக்குக் கிடைத்த ஒரே ஆதரவு முருகேசனின் உறவினரிடமிருந்து வந்தது. மூங்கில்துறைப்பட்டில் ஓர் இல்லம் கண்ணகிக்கு இடமளித்தது. கேரல் ஸ்டாக் 1974இல் வெளியிட்ட ஆய்வில், வறிய கறுப்பினக் குடும்பங்கள் இரத்த உறவுக்கு அப்பாலும் விரிந்த உறவு வலைப்பின்னலால் ஒருவரையொருவர் தாங்கியமையை விளக்கினார். ஒடுக்கப்பட்ட மக்களிடையே குடும்பம் என்பது நான்கு சுவர்களுக்குள் அடங்குவதன்று. துன்பக்காலத்தில் கதவு திறக்கும் ஒவ்வொரு வீடும் குடும்பமே.

ஆனால் இவ்வரணுக்கு ஓர் எல்லை உண்டு. உறவினர் வீடு என்பது தேடுவோர் முதலில் தேடும் இடம். உறவினரும் அதே சாதி ஒழுங்கின் கீழ் வாழ்பவர். அவர்தம் கூலியும் வழியும் நீரும் ஆதிக்கச் சாதியினரின் நிலத்தைச் சார்ந்திருக்கலாம். அவர்களைத் துன்புறுத்தி இடத்தை அறிவது எளிதாயிற்று. ஆகவே உறவின் ஆதரவை மட்டும் நம்பி நிற்கும் திருமணம் இணையரோடு உறவினரையும் ஆபத்திற்கு உள்ளாக்குகிறது. உறவினர்மீது ஏற்றப்பட்ட அச்சுமையை இறக்கும் பொறுப்பு அரசுக்கு உண்டு.

5. நடப்பிலுள்ள ஏற்பாடுகளும் அவற்றின் காலமும்

இன்றைய ஏற்பாடுகளை அவை வந்து சேரும் காலத்தின் அடிப்படையில் மூன்றாக வகுக்கலாம்.

அ) திருமணத்திற்கு முன்: 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம் 30 நாள் அறிவிப்பை வலியுறுத்துகிறது. அவ்வறிவிப்பு அலுவலகத்தில் ஒட்டப்படுகிறது. மதம் கடந்து மணப்போர்க்கு உதவ எழுந்த இச்சட்டமே, தேடுவோர்க்குப் பெயரையும் முகவரியையும் தரும் வாயிலாகவும் ஆகிறது. இந்துக்களுக்கிடையிலான சாதி மறுப்பு மணங்களுக்கு 1967ஆம் ஆண்டுத் திருத்தம் இவ்விடரைத் தவிர்க்கும் வழியைத் தருகிறது. 2023இல் உச்சநீதிமன்றம், சுயமரியாதைத் திருமணத்திற்குப் பொது அறிவிப்பு தேவையில்லை எனவும், வழக்கறிஞர்கள் நண்பர் என்னும் தனிப்பட்ட நிலையில் அதனை நடத்திவைக்கலாம் எனவும் தெளிவுபடுத்தியது. அச்சுறுத்தலுக்கு உள்ளாகும் இணையருக்கு இத்தீர்ப்பு பெருந்துணையாகும்.

ஆ) திருமணத்திற்கு நெடுநாள் பின்: தமிழக அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நினைவுக் கலப்புத் திருமண நிதியுதவித் திட்டம் 25,000 ரூபாயும், பட்டம் அல்லது பட்டயம் பெற்றோர்க்கு 50,000 ரூபாயும், தாலிக்கென 8 கிராம் தங்கமும் வழங்க வகைசெய்தது. மணமான இரண்டு ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்கலாம். தொகையின் ஒரு பகுதி சேமிப்புப் பத்திரமாக வழங்கப்பட்டது. 2013இல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் அம்பேத்கர் பெயரிலான திட்டம் 2.5 இலட்சம் ரூபாய் வழங்க வழிவகுத்தது. இவை பாராட்டத்தக்கவை. ஆயினும் இவை சாதி மறுப்பு மணத்திற்கான பரிசாக வடிவமைக்கப்பட்டவை. சாதிச் சான்று, கல்விச் சான்று, விசாரணை, ஒப்புதல் ஆகிய படிகளைக் கடந்தே தொகை வருகிறது. ஊரைவிட்டு வந்த இணையர் தம் சான்றிதழ்களைப் பெற்றோர் வீட்டில் விட்டு வந்திருப்பர் என்பதை இந்நடைமுறை கருதுவதில்லை. முதல் மாத வாடகைக்கு முன்பணம் தேவைப்படும் நாளில் பத்திரம் பயன்படாது.

இ) இடைக்காலத்தில்: 2006இல் லதா சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் சாதி மறுப்பு மணம் புரிந்தோர்க்குக் காவல்துறை பாதுகாப்பளிக்க வேண்டும் என்றது. 2011இல் தமிழகத்திலிருந்து சென்ற ஆறுமுகம் சேர்வை வழக்கில் கட்டப் பஞ்சாயத்துகளைக் கண்டித்தது. 2016இல் சென்னை உயர்நீதிமன்றம், மாவட்டந்தோறும் காவல் கண்காணிப்பாளர், சமூகநல அலுவலர், ஆதிதிராவிடர் நல அலுவலர் ஆகியோரைக் கொண்ட தனிப்பிரிவும் 24 மணிநேரத் தொலைபேசி உதவியும் அமைய ஆணையிட்டது. 2018 மார்ச் 27 அன்று சக்தி வாகினி வழக்கில் உச்சநீதிமன்றம் மேலும் முன்சென்று, மாவட்டத்தில் பாதுகாப்பு இல்லம் அமைப்பதையும், அங்கு இணையர் சிறு கட்டணத்தில் முதலில் ஒரு மாதமும், தேவையெனில் மாதந்தோறும் நீட்டித்து ஓராண்டு வரையிலும் தங்குவதையும் நெறிப்படுத்தியது.

இம்மூன்றனுள் மூன்றாவதே 64 நாள்களுக்குரியது. அது நீதிமன்ற நெறிமுறைகளால் உருவானது. முதல் இரண்டும் சட்டமன்றமும் நிர்வாகமும் தாமாக வகுத்தவை. திருமணத்தைத் தொடங்கிவைக்கவும் பரிசளிக்கவும் அரசுகள் முன்வந்துள்ள அளவிற்கு, இடையில் அதனைக் காக்க முன்வரவில்லை என்பது இவ்வகைப்பாட்டால் புலனாகிறது. 2025 அக்டோபரில் தமிழக அரசு, ஆணவக் கொலைகளைத் தடுக்கும் சட்டத்திற்குப் பரிந்துரை வழங்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாக அறிவித்தது. தண்டனையோடு இடைக்கால ஆதரவும் அச்சட்டத்தில் இடம்பெறுமாயின் அது முழுமையுறும்.

6. பாதுகாப்பிலிருந்து நலவாழ்வுக்கு

உயிர் காக்கப்படுவதோடு குடும்பநலம் நிறைவடைவதில்லை. தமிழ்க் குடும்ப அமைப்பில் பெண்ணின் வாழ்வுநிலைகள் ஒவ்வொன்றும் தாய்வீட்டோடு பிணைந்துள்ளன. வளைகாப்பு, தலைப்பிரசவம், குழந்தையின் பெயர்சூட்டு, தாய்மாமன் சீர் ஆகியவை தாய்வீட்டின் கடமைகளாகக் கருதப்படுகின்றன. சாதி மறுத்து மணந்த பெண்ணுக்கு இவை அனைத்தும் ஒரே நாளில் இல்லாமற் போகின்றன. கணவனோடு பிணக்கு நேர்ந்தால் சென்று தங்க இடமில்லை. இதனை அறிந்த கணவன் வீட்டார் அவளைத் தாழ்வாக நடத்தவும் இடமுண்டு. சாதியை மறுத்த மணமும் ஆணாதிக்கத்தை மறுத்ததாகத் தானே ஆகிவிடாது.

இந்நிலையில் அரசு நிறுவனங்கள் தாய்வீட்டின் ஒரு பகுதியை ஏற்க இயலும் என்பதற்கு முன்மாதிரி நம்மிடமே உண்டு. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் துறை நடத்தும் சமுதாய வளைகாப்பு அத்தகையது. கருவுற்ற பெண்கள் பலர் ஒருங்கே அமர்ந்து வளையலும் சீரும் பெறும் அவ்விழாவில் தாய்வீட்டின் இடத்தில் அரசு நிற்கிறது. சாதி மறுப்பு மணம் செய்த பெண்ணுக்கு அது சடங்கைக் கடந்த பொருளுடையது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த பாதுகாப்பு அலுவலர், மாவட்டத்திலுள்ள ஒருங்கிணைந்த சேவை மையம், 181 என்னும் மகளிர் உதவி எண் ஆகியன பிணக்கு நேரும் காலத்திற்குரியவை. உறவுத்திறன் ஆலோசனைக்குரிய இடமும் இதுவே. அடிப்படைத் தேவைகள் நிறைவேறிய பின்னரே ஆலோசனை பயன்தரும் என்பது அமெரிக்க அனுபவத்தோடும் பொருந்துகிறது.

வருவாய் அடுத்த தேவையாகும். நிலம் சார்ந்த சிற்றூரில் கூலி தருபவரும் ஊர்க்கட்டுப்பாட்டை விதிப்பவரும் ஒருவராகவே இருக்கக்கூடும். தொழில் நகரத்தில் அவ்விருவரும் பிரிகின்றனர். விருத்தாசலம் போன்ற நகரத்தின் பீங்கான் தொழிற்கூடத்தில் களிமண் பிசைதல், அச்சில் வார்த்தல், உலர்த்தல், மெருகு பூசுதல், வண்ணம் தீட்டுதல், சூளையிடுதல் எனப் பலவகைப் பணிகள் உள்ளன; கணவன் மனைவி இருவரும் தனித்தனியே கூலி பெற இயலும். ஆயினும் சொந்த ஊரிலிருந்து எட்டும் தொலைவில் உள்ள நகரம் தன்னளவில் அரணாவதில்லை. புதுக்கூரைப்பேட்டை விருத்தாசலத்தை அடுத்தே உள்ளது. ஆகவே ஒரு மாவட்டத்து இணையர் பிறிதொரு மாவட்டத்தின் தொழில் நகரத்தில் தங்கிப் பயிற்சியும் பணியும் பெறும் பரிமாற்ற ஏற்பாடே பொருத்தமாகும். விருத்தாசலத்தின் தொழிற்பேட்டையும் பயிலகமும் பிற மாவட்டத்து இணையரை ஏற்கலாம். கடலூர் மாவட்டத்து இணையரைத் தொலைவிலுள்ள தொழில் நகரங்கள் ஏற்கலாம். பாதுகாப்பு இல்லத்தில் ஓராண்டு தங்கல், அவ்வோராண்டில் தொழிற்பயிற்சி, அதன்பின் வாடகை முன்பணம் என இவற்றை ஒரே தொடராக இணைத்தால் இடைக்காலம் நிரப்பப்படும். இது இக்கட்டுரையின் முன்மொழிவாகும்.

முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

1. ஒடுக்கப்பட்ட சமூகத்தாரின் திருமண நலத்தைத் தீர்மானிப்பவை இணையரின் பண்புநலன்களைவிட அவர்களைச் சூழ்ந்த நிறுவனங்களே. கறுப்பினக் குடும்பம் குறித்த அமெரிக்க விவாதமும் இதனை வலியுறுத்துகிறது.

2. பதிவுச் சான்றிதழ் திருமணத்திற்குச் சட்ட ஏற்பை அளிக்கிறது. வாழிடத்தையோ வருவாயையோ அளிப்பதில்லை. கண்ணகி – முருகேசன் இணையரின் 64 நாள்கள் இதற்குச் சான்று.

3. உறவினரின் ஆதரவு மதிப்புமிக்கதாயினும் அதுவே ஒரே அரணாக விடப்படும்போது உறவினரும் இலக்காகின்றனர்.

4. நிதியுதவித் திட்டங்கள் பரிசு என்னும் நிலையிலிருந்து இடைக்கால ஆதரவு என்னும் நிலைக்கு மாற வேண்டும். சான்றிதழ்கள் கைவசம் இல்லாதோர்க்கு மாற்று நடைமுறை தேவை.

5. பாதுகாப்பு இல்லம், தொழிற்பயிற்சி, வாடகை முன்பணம், மகப்பேற்றுக் காலத் துணை, குடும்ப ஆலோசனை ஆகியவை இவ்வரிசையில் ஒன்றோடொன்று இணைக்கப்பட வேண்டும்.

அகமரபின் கண்டோர் வழியில் நின்று, தேடி வந்தவளிடம் பேசினர். அதனால் சென்றோர் சென்று சேர்ந்தனர். புதுக்கூரைப்பேட்டையிலும் கண்டோர் இருந்தனர். ஊரறியவே அது நிகழ்ந்தது. 2025ஆம் ஆண்டுத் தீர்ப்பு குற்றவாளிகளின் பொறுப்பை உறுதிசெய்தது. கண்டோரின் பொறுப்பை உறுதிசெய்யும் பணி சட்டமியற்றுவோர்க்கும் நிர்வாகத்தார்க்கும் கல்வியாளர்க்கும் உரியது.